எஞ்சிய 160 மணித்தியாலங்கள்

சிறுநீரக நோயாளரைப் பேணும் வன்னிக் குடும்பங்கள்

பிணி தீர்க்கும் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புக்கள் உண்டு என்று வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதியிலே வகுத்துரைத்தார். நோயுற்றவன் ஓர் உறுப்பு. நோயைத் தீர்க்கும் மருத்துவன் ஓர் உறுப்பு. மருந்து ஓர் உறுப்பு. நோயாளியின் அருகிருந்து அம்மருந்தைப் பிழையின்றி இயற்றிக் கொடுப்பவன் நான்காம் உறுப்பு. இவற்றுள் முதல் மூன்றைப் பற்றியும் நாம் நாள்தோறும் பேசுகின்றோம். நோயாளியைப் பார்க்கச் செல்கின்றோம். வைத்தியரின் கைராசியைப் புகழ்கின்றோம். மருந்தின் விலையைக் கேட்டு வியக்கின்றோம். நான்காமவரைப் பற்றிப் பேசுவார் மிக அரியர். வைத்தியசாலைக் கட்டில் அட்டையில் அவருடைய பெயர் இல்லை. "உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று அவரை எவரும் கேட்பதில்லை.

இந்த நான்காமவரின் சுமை எந்த நோயிலும் சிறிதன்று. ஆயினும், சிறுநீரகம் செயலிழந்து, இயந்திரத்தின் துணையால் உயிர்வாழும் ஒருவரை வீட்டில் வைத்துப் பேணும் குடும்பத்தின் சுமை தனித்தன்மை வாய்ந்தது. ஏனைய பல நோய்களுக்கு முடிவு ஒன்று உண்டு. இந்நோய்க்குச் செய்யும் இரத்தச் சுத்திகரிப்போ, மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும் வரை, அல்லது ஆயுள் உள்ள வரை, வாரந்தோறும் தொடர வேண்டிய ஒன்று. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களைக் கொண்ட எமது வன்னிப் பெருநிலப்பரப்பிலே இச்சுமையைத் தாங்கும் வீடுகள் பல. அவ்வீடுகளின் வாழ்வை இவ்வாரம் நேயர்களோடு சேர்ந்து சற்றே நோக்குவோம்.

சிறுநீரகம் செய்யும் பணி

மனிதனுடைய முட்டியளவே பருமனுடைய இரண்டு உறுப்புக்கள், முதுகுப்புறத்திலே விலா எலும்புகளின் கீழே அமைந்துள்ளன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. ஒரு நாளிலே இவை வடித்தெடுக்கும் நீர் ஏறக்குறைய 180 லீற்றர். அதிற் பெரும்பகுதியை மீண்டும் உடலுக்கே அளித்துவிட்டு, கழிவையும் மிகை நீரையும் மட்டும் ஒன்று அல்லது இரண்டு லீற்றர் சிறுநீராக வெளியேற்றுகின்றன. இரத்தத்தில் உப்பு எவ்வளவு, பொற்றாசியம் எவ்வளவு, அமிலம் எவ்வளவு என்று அளந்து காப்பனவும் இவையே. நாம் உறங்கும்போதும் இவை உறங்குவதில்லை.

இவ்வுறுப்புக்கள் முற்றாகச் செயலிழக்கும்போது அப்பணியை ஓர் இயந்திரத்திடம் ஒப்படைக்க வேண்டியதாகின்றது. 1943 ஆம் ஆண்டிலே, போர்க்கால ஒல்லாந்தின் கம்பன் என்னும் சிறு நகரில், வில்லெம் கோல்ஃப் என்ற வைத்தியர் செலோபேன் குழாயை ஒரு மர உருளையிற் சுற்றி முதல் இயந்திரத்தை அமைத்தார். 1945 இல் அவர் சிகிச்சையளித்த மூதாட்டி ஒருவர் நினைவு திரும்பி உயிர் பிழைத்தார். 1960 இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரைச் சேர்ந்த வைத்தியர் ஸ்கிரிப்னர், நோயாளியின் கையிலே நிலையாகப் பொருத்தி வைக்கத்தக்க குழாய் ஒன்றை வகுத்தார். அதன் பின்னரே, ஒரே நோயாளிக்கு மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் சுத்திகரிப்பைத் தொடர்ந்து செய்வது இயல்வதாயிற்று. 1966 இல் நியூயோர்க் வைத்தியர்கள் கையிலுள்ள நாடியையும் நாளத்தையும் ஒன்றாக இணைக்கும் சிறு சத்திரசிகிச்சையை அறிமுகப்படுத்தினர். இன்று எமது நோயாளரின் முன்னங்கையிலே புடைத்துத் தோன்றும் தடித்த இரத்தக்குழாய் அதன் பயனே.

இயந்திரத்தின் முன்னே ஒருமுறை அமர்ந்தால் ஏறத்தாழ 4 மணித்தியாலம் செல்லும். அந்நேரத்திலே நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 மில்லிலீற்றர் இரத்தம் வெளியே வந்து, தூய்மையாகி, உள்ளே திரும்புகின்றது. அதனைக் கழுவுவதற்கு ஒரு தடவையில் மட்டும் 120 லீற்றர் வரையான தூய நீர் செலவாகின்றது. வாரத்துக்கு மூன்று முறை செய்வது நன்று என்பது மருத்துவ வழக்கு. இயந்திரங்கள் போதாத இடங்களிற் பலருக்கு இரண்டு முறையே கிடைக்கின்றது.

மாணவ நேயர்கள் இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாரத்தில் உள்ளவை 168 மணித்தியாலங்கள். இருமுறை சுத்திகரிப்புக்குச் செல்பவை 8. எஞ்சியவை 160. இயந்திரம் அருகில் இல்லாத இந்த 160 மணித்தியாலங்களிலும் அந்நோயாளியின் சிறுநீரகமாக நின்று பணிபுரிவது யார்? அவருடைய குடும்பமே.

வயல்நிலத்தைத் தேடி வந்த நோய்

சிறுநீரகம் பழுதுறுவதற்கு நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் உலகெங்கும் முதன்மையான காரணங்கள். ஆயின், 1990 களிலே இலங்கையின் வடமத்திய மாகாணத்தில், இவ்விரண்டும் இல்லாத கமக்காரரிடத்தே சிறுநீரகம் மெல்ல மெல்லச் சிதைவதை வைத்தியர்கள் கண்டனர். காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் என்று இதற்குப் பெயரிட்டனர். அனுராதபுரம், பொலன்னறுவை ஆகிய மாவட்டங்களிலே மிகுதியாகக் காணப்பட்ட இந்நோய், அவற்றின் எல்லையை அடுத்துள்ள வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் காணப்படலாயிற்று. குளமும் வயலும் கிணறுமாக அமைந்த உலர் வலயம் முழுவதும் ஒரே நிலம். மாவட்ட எல்லையை நோய் அறியாது.

உலக சுகாதார தாபனமும் இலங்கைச் சுகாதார அமைச்சும் இணைந்து அனுராதபுரம், பொலன்னறுவை, பதுளை ஆகிய மாவட்டங்களில் நடத்திய ஆய்வின் முடிவு 2013 இல் வெளியாயிற்று. ஆய்வு செய்யப்பட்ட இடங்களில் இந்நோய் ஆண்களில் 12.9 வீதத்தினரிடமும், பெண்களில் 16.9 வீதத்தினரிடமும் காணப்பட்டது. ஆயினும் நோய் முற்றிய நிலைகள் ஆண்களிடமே பெரிதும் மிகுந்திருந்தன. இதனால் நிகழ்வது என்ன? வயலுக்குச் சென்று உழைத்தவர் பாயிலே விழுகின்றார். தமக்கும் நோய் இருக்கலாம் என்பதை ஆராய நேரமற்ற மனைவி அவரைப் பேணத் தொடங்குகின்றாள்.

காரணம் யாது என்பதில் அறிஞர் இன்னும் ஒருமுடிவுக்கு வரவில்லை. நிலத்தடி நீரின் கடினத்தன்மையும் அதிற் கலந்துள்ள புளோரைட்டும், விவசாய இரசாயனங்கள், கன உலோகங்கள், கடும் வெயிலிலே நீரின்றி உழைத்தல் என்பன யாவும் ஆராயப்படுகின்றன. பல காரணங்கள் ஒன்றுசேர்ந்தே இந்நோயை விளைக்கின்றன என்று கருதுவோர் பலர். மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டத் தொழிலாளரிடமும், ஆந்திர மாநிலத்தின் உத்தானம் பகுதி மக்களிடமும் இதனையொத்த நோய் காணப்படுகின்றது. எங்கும் இதற்கு இரையாவோர் வெயிலில் உழைக்கும் ஏழைகளே.

ஒரு வீட்டின் ஒரு வாரம்

இனி, இத்தகைய வீடொன்றைக் கற்பனையாக எம் மனக்கண் முன் நிறுத்துவோம். வவுனிக்குளத்தின் கீழோ, முத்தையன்கட்டின் கீழோ இரண்டு ஏக்கர் வயல். ஐம்பது வயதைத் தாண்டிய கமக்காரர், அவர் மனைவி, க. பொ. த. உயர்தரம் படிக்கும் மகள்; எட்டாம் வகுப்பிற் படிக்கும் மகன்; கண் மங்கிய அம்மம்மா. திங்களும் வியாழனும் சுத்திகரிப்பு நாட்கள்.

அவ்வீட்டின் முதற் போராட்டம் தண்ணீரோடு. சிறுநீர் வெளியேறாத உடலிலே அருந்தும் நீரெல்லாம் தேங்கும். தேங்கிய நீர் காலை வீங்கச் செய்யும். நெஞ்சிலே ஏறி மூச்சைத் திணறடிக்கும். ஆதலால், முதல் நாள் கழித்த சிறுநீரின் அளவோடு ஏறக்குறைய 500 மில்லிலீற்றர் சேர்த்து, அவ்வளவே ஒரு நாளைக்கு அருந்தலாம் என்று வைத்தியர் அளவு குறிப்பது வழக்கம். தேநீரும் கஞ்சியும் சொதியும் அக்கணக்கிலே அடங்கும். விடிந்ததும் மனைவி ஒரு போத்தலிலே அன்றைய நீரை அளந்து வைக்கின்றாள். சித்திரை வெயிலிலே வன்னி மண் கொதிக்கும்போது பிற்பகல் மூன்று மணிக்கே போத்தல் வெறுமையாகிவிடும்.

"இஞ்சாரும், ஒரு மிடறு தண்ணி தாரும்."

"இண்டைக்குக் கணக்கு முடிஞ்சுதெல்லோ. கொஞ்சம் பொறுங்கோ; வாயைக் கொப்பளிச்சுத் துப்புங்கோ."

முப்பது ஆண்டுகளாகக் கேட்குமுன்னே நீர் கொடுத்த கை, இப்போது கேட்டும் கொடாது மறுக்க வேண்டியிருக்கின்றது. பகைவனுக்கும் தாகத்துக்கு நீர் கொடுப்பது எம்மவர் பண்பு. கணவனுக்கு அதனை மறுப்பதிலுள்ள வேதனையை எந்த மருத்துவ ஏட்டிலும் எழுதி வைக்கவில்லை. அவர் சினந்து கொள்கின்றார். சில வேளைகளிற் கடுஞ்சொல்லும் பிறக்கின்றது. அவள் அடுப்படிக்குச் சென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வருகின்றாள்.

இரண்டாவது போராட்டம் அடுப்படியில். பொற்றாசியம் இரத்தத்தில் மிகுந்தால் இதயத் துடிப்பு தடுமாறும்; திடீரென நின்றுவிடவுங்கூடும். வாழைப்பழம், இளநீர், கீரை, கிழங்கு, பலா என்று எமது வளவிலே இலவசமாகக் கிடைப்பவற்றுட் பலவற்றில் பொற்றாசியம் மிகுதி. காய்கறியைச் சிறிதாக வெட்டி, நிறைய நீரில் ஊறவைத்து, அவித்து, அந்நீரை வடித்துக் கொட்டிய பின்னரே சமைக்க வேண்டும். காய்கறி அவித்த நீரைக் கொட்டினாற் சத்து வீணாகும் என்று பாடசாலையிலே படித்த மகள், இப்போது அச்சத்தையே அஞ்சி வடித்தூற்றுகின்றாள். கருவாடும் ஊறுகாயும் உப்பின் பொருட்டு விலக்கப்படுகின்றன. நட்சத்திரப் பழம் சிறுநீரக நோயாளருக்கு நஞ்சே ஆதலால் அதனை முற்றாகத் தவிர்த்தல் வேண்டும். இதனால் வீட்டிலே இரண்டு சமையல் நடைபெறுகின்றது.

இதனோடு ஊராரின் அறிவுரையும் சேர்கின்றது. "சிறுநீரக வருத்தக்காரருக்கு மீனும் முட்டையும் ஆகாது" என்று பலர் சொல்வர். சுத்திகரிப்பு தொடங்குமுன் புரதத்தைக் குறைக்கும்படி வைத்தியர் கூறியிருப்பதும் உண்மையே. ஆயின் சுத்திகரிப்பு தொடங்கிய பின் நிலைமை மாறுகின்றது. அச்சிகிச்சையின்போது உடலிலிருந்து புரதமும் ஓரளவு கழுவிச் செல்லப்படுவதால், முன்னையிலும் மிகுதியாகப் புரதம் வேண்டும். முட்டையும் மீனும் அளவறிந்து கொடுக்க வேண்டும். இம்மாற்றத்தை எவரும் விளக்கிச் சொல்லாத வீட்டிலே நோயாளர் மெலிந்து போகின்றார். மனைவியோ தான் கட்டுப்பாடாக நடத்துவதாகவே எண்ணியிருக்கின்றாள்.

மூன்றாவது, அந்தக் கை. நாடியும் நாளமும் இணைக்கப்பட்ட கையிலே பாரம் தூக்கலாகாது. இரத்த அழுத்தம் அளக்கலாகாது. ஊசி குத்தி இரத்தம் எடுக்கலாகாது. அதன்மீது சாய்ந்து உறங்கலாகாது. மண்வெட்டி பிடித்த கையை இனிப் பாலகனைப்போற் காக்க வேண்டும். காலையிலே அதன்மீது விரலை வைத்தால் வண்டு முரல்வது போன்ற மெல்லிய அதிர்வு தெரியும். அவ்வதிர்வு இருந்தால் வழி திறந்திருக்கின்றது. இல்லையெனின் உடனே வைத்தியசாலைக்கு விரைய வேண்டும். அக்கையிலிருந்து இரத்தம் பெருகினால், சுத்தமான துணியால் விடாது அழுத்திப் பிடித்தவாறே கொண்டு செல்ல வேண்டும்.

நான்காவது போராட்டம் தெருவில். தமது மாவட்ட வைத்தியசாலையிலே இயந்திரத்துக்கு முறை கிடைத்தோர் பாக்கியசாலிகள். கிடையாதோர் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கோ, அனுராதபுரப் போதனா வைத்தியசாலைக்கோ செல்ல நேரும். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 65 கிலோமீற்றர்; வவுனியாவிலிருந்து அனுராதபுரம் 50 கிலோமீற்றருக்கு மேல்; முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போக வர 200 கிலோமீற்றருக்கும் அதிகம். சிறுநீரக நோய்க்கென்றே அமைந்த பெரிய வைத்தியசாலை 2021 இல் சீன நாட்டின் உதவியுடன் பொலன்னறுவையிலே திறக்கப்பட்டது. எம்மவருக்கு அது இன்னும் தூரம். உட்கிராமத்திலிருந்து பிரதான வீதி வரை முச்சக்கர வண்டி, அங்கிருந்து பேருந்து. காலை நான்கு மணிக்குப் புறப்பட்டால் இரவிலேயே வீடு திரும்பலாம். சுத்திகரிப்பு முடிந்தவர் சோர்ந்து, தலைசுற்றி, சில வேளை வாந்தியெடுத்து வருவார். அவரைத் தனியே அனுப்ப இயலாது.

அரச வைத்தியசாலையிலே சுத்திகரிப்புக்குக் கட்டணம் இல்லை என்பது எமது நாட்டின் பெரும் பேறு. ஆயினும், வண்டிக்கூலியும் வழியுணவும், வெளியே வாங்கும் மருந்தும், இருவர் இழக்கும் நாட்கூலியும் எந்தப் பற்றுச்சீட்டிலும் வருவதில்லை. முதலில் வயல் குத்தகைக்குச் செல்கின்றது. அடுத்துத் தாலிக்கொடி ஈட்டுக்குச் செல்கின்றது. பின்னர் வாரந்தோறும் கட்ட வேண்டிய நுண்கடன் வருகின்றது.

இத்தனைக்கும் நடுவே, திங்களும் வியாழனும் மகள் பாடசாலைக்குப் போவதில்லை. அம்மம்மாவுக்கு உணவு கொடுக்கவும், தம்பியை அனுப்பவும், ஆட்டுக்குக் குழை ஒடிக்கவும் வீட்டிலே ஒருவர் வேண்டுமன்றோ? அப்பிள்ளை இழப்பது வாரத்துக்கு இரண்டு நாள். தவணைக்கு இருபதுக்கும் மேல். இரசாயனவியல் ஆசிரியர் வியாழக்கிழமை நடத்திய பாடம் அவளுக்கு இன்றுவரை தெரியாது. இந்நோயின் கணக்கிலே எவரும் எழுதாத செலவு இதுவே. மீட்க முடியாத செலவும் இதுவே.

வீட்டிற்கே வரும் சுத்திகரிப்பு

இயந்திரத்தை நாடி நோயாளர் செல்வதற்குப் பதிலாக, சிகிச்சையே வீட்டுக்கு வரலாகாதா என்னும் வினா புதிதன்று. 1964 இல் சியாற்றில் நகரிலே மாணவி ஒருத்தியின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. இயந்திரங்கள் மிகச் சிலவே இருந்தமையால், எவருக்குச் சிகிச்சை அளிப்பது என்று தீர்மானிக்க அந்நகரிலே ஒரு குழு இருந்தது. சிறுவயதினர் என்ற காரணத்தால் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. அவள் தந்தையின் நண்பரான பொறியியற் பேராசிரியர் ஒருவர் தம் குழுவினரோடு சேர்ந்து சில மாதங்களிலே வீட்டுக்கேற்ற சிறு இயந்திரம் ஒன்றை அமைத்தார். அதனை வீட்டிலே இயக்கப் பயின்றவள் அப்பிள்ளையின் தாய். வீட்டுச் சுத்திகரிப்பின் தொடக்க கால வரலாற்றிலே இவ்வாறு ஒரு தாயின் கையும் இருந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1976 இலே அமெரிக்க அறிஞர் இருவர் இன்னொரு வழியைக் கண்டனர். வயிற்றறையின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள மெல்லிய சவ்வையே வடிகட்டியாகப் பயன்படுத்தும் வழி அது. வயிற்றிலே நிலையாக ஒரு மென்குழாய் பொருத்தப்படும். அதன் வழியே ஏறத்தாழ 2 லீற்றர் திரவத்தை உட்செலுத்தி, சில மணித்தியாலங்கள் உள்ளே இருக்கவிட்டு, பின்னர் வெளியேற்றிப் புதிய திரவத்தைச் செலுத்த வேண்டும். இயந்திரமும் மின்சாரமும் தேவையில்லை. நாளுக்கு நான்கு முறை. ஒவ்வொரு முறைக்கும் அரை மணித்தியாலத்துக்குச் சற்று மேல். இலங்கையிலும் இம்முறை கையாளப்படுகின்றது.

தொலைவில் வாழும் எம்மவருக்கு இது பெருவரம் என்று தோன்றும். பேருந்து இல்லை, நீண்ட பயணம் இல்லை, நீரிலும் உணவிலும் கட்டுப்பாடு சற்றே தளரும். ஆயினும் இதன் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். நாளுக்கு நான்கு பை எனின் மாதத்துக்கு 120 பை. பைக்கு 2 லீற்றர் எனின் 240 லீற்றர். அதாவது 240 கிலோகிராமுக்குக் குறையாத சுமை. அதனை எங்கே இறக்குவது? எங்கே அடுக்குவது? தகரக்கூரை கொதிக்கும் சிறு வீட்டிலே, எலி கடியாமலும் மழை நனையாமலும் காப்பது எங்ஙனம்? வயலோர வீட்டிலே புழுதி இல்லாத, ஈயும் கோழியும் நுழையாத ஓர் அறை எங்கே?

கையைச் சவர்க்காரமிட்டு முறையாகக் கழுவாது குழாயைத் தொட்டால் கிருமி வயிற்றறைக்குள்ளே புகும். வெளியேறும் திரவம் தெளிவாக இருத்தல் வேண்டும். அது அரிசி கழுவிய நீர் போற் கலங்கித் தோன்றினாலும், வயிற்று வலியோ காய்ச்சலோ கண்டாலும் ஒரு வேளையும் தாமதிக்கலாகாது. இவ்விழிப்பை நாளுக்கு நான்கு முறை, ஆண்டுக்கு 365 நாளும், தீபாவளியிலும் தைப்பொங்கலிலும், காய்ச்சல் வந்த நாளிலும் மனைவியோ மகளோ காக்க வேண்டும். வைத்தியசாலையின் சுமை இங்கே முற்றாக வீட்டுக்கு இடம் மாறுகின்றது. ஆதலால், "வீட்டிலேயே செய்யலாம்" என்று தீர்மானிக்குமுன், "வீட்டிலே செய்பவர் யார்? அவர் தளர்ந்தால் அடுத்தவர் யார்?" என்று கேட்டறிதல் இன்றியமையாதது. ஒருவருக்குப் பதிலாக இருவர் பயிற்சி பெறுவது நன்று.

கைகள் குறைந்த வீடுகள்

இவ்வாறான சுமை முன்னாளில் எமது ஊர்களிலே பலர் தோளிற் பகிரப்பட்டது. வளவுக்குள்ளேயே பெரியம்மாவும் சித்தப்பாவும் மச்சான்மாரும் இருந்தனர். ஒருவர் வைத்தியசாலைக்குச் சென்றால் மற்றவர் அடுப்பு மூட்டினர். வன்னியிலே இன்று அந்நிலை பெரிதும் மாறிவிட்டது. 2009 மே மாதத்திலே முடிவுற்ற போரில் குடும்பங்கள் உறவுகளை இழந்தன. ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் முகாம்களில் வாழ்ந்தனர். செட்டிகுளத்தை அடுத்த மெனிக் பாம் முகாமின் இறுதிக் குடும்பங்கள் 2012 செப்டெம்பரிலேயே வெளியேறின. திரும்பி வந்த வீடுகளிற் பல, பெண் ஒருத்தியின் உழைப்பிலே தங்கியிருப்பவை. உடலிற் குண்டுத் துகள்களைத் தாங்கியும், ஒரு காலையோ கையையோ இழந்தும் வாழ்வோர் பலர். உறவினரிற் சிலர் கடல் கடந்து வாழ்கின்றனர். அவர்கள் பணம் அனுப்பலாம். நள்ளிரவிலே மூச்சுத் திணறும்போது தோள் கொடுக்க இயலாது.

சாதாரண ஊரிலே ஐவர் பகிர வேண்டிய பணியை இங்கே ஒருவர் செய்கின்றார் என்பதை, உதவித் திட்டம் வகுப்போர் மறத்தலாகாது.

பேணுபவரையும் பேணுதல்

பேணுபவரின் சுமையை அளப்பதற்கும் ஒரு முறை உண்டு. அமெரிக்க உளவியலறிஞர் ஸ்ரீபன் சரிற் 1980 இல் வகுத்த வினாக்கொத்து, இன்று 22 வினாக்களாகச் சுருங்கி உலகெங்கும் வழங்குகின்றது. "உமக்கென்று நேரமே இல்லை என்று உணர்கின்றீரா?", "உமது உடல்நலம் கெடுகின்றதா?", "இன்னும் செய்திருக்க வேண்டும் என்று குற்ற உணர்வு கொள்கின்றீரா?" என்னும் கருத்திலமைந்த வினாக்கள் அவை. எமது பெண்களிடம் இவற்றைக் கேட்டால், "கடமைதானே" என்று ஒரே சொல்லில் விடையிறுத்துவிடுவர். அச்சொல்லின் பின்னே மறைந்திருப்பவற்றை நாமே ஊன்றிப் பார்க்க வேண்டும்: உறக்கமின்மை, முதுகுவலி, நேரத்துக்கு உண்ணாமை, தம் இரத்த அழுத்தத்துக்குரிய குளிசையைக் கூடத் தவறவிடுதல், காரணமின்றி அழுகை, கோயில் திருவிழாவுக்கும் செல்லாது ஒதுங்குதல். இவற்றுட் சில தொடர்ந்து காணப்படின் அவரும் வைத்தியரிடம் செல்ல வேண்டியவரே. பேணுபவர் வீழ்ந்தால் அவ்வீட்டிலே வீழ்வோர் இருவர்.

நோயாளரின் சினத்தையும் நாம் அறிந்து கொள்ளல் வேண்டும். குடும்பத்தைத் தாங்கியவர் தாம் பாரமானோம் என்று எண்ணுகின்றார். மகளின் புத்தகச் செலவு தம் வண்டிக்கூலியாகக் கரைவதை அவரும் காண்கின்றார். இனிச் சுத்திகரிப்புக்கு வரமாட்டேன் என்று ஒருநாள் அடம்பிடிப்பதன் உட்பொருள் பெரும்பாலும் இதுவே. அவ்வேளை அதட்டுவதிலும், தாதியரிடமோ வைத்தியரிடமோ அதனை எடுத்துச் சொல்லி அமைதியாகப் பேச இடமளிப்பதே நலம் பயக்கும். இயன்ற சிறு பணி எதையேனும் அவரிடமே விடுதலும் வேண்டும். தம் நிறையைத் தாமே பார்த்துக் குறித்தல், போத்தல் நீரைத் தாமே பங்கிட்டுக்கொள்ளல், மகனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தல் ஆகியவற்றை அவர் செய்யட்டும்.

ஊர் செய்யத்தக்கவை

அரசு செய்ய வேண்டியவை பல. சுத்திகரிப்பு இயந்திரங்களும் பயிற்சி பெற்ற தாதியரும் வன்னியின் மூன்று மாவட்டங்களிலும் பெருக வேண்டும். சிறுநீரக நோயாளருக்கு வழங்கப்படும் மாதாந்த உதவிப்பணம் 2025 ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்திலே 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இதனைப் பெறாதோர் கிராம உத்தியோகத்தர் வாயிலாகப் பிரதேச செயலகத்தை அணுகுதல் வேண்டும். பேணுபவருக்கென ஒரு பகுதி இதிலே ஒதுக்கப்படும் நாள் வரவேண்டும் என்பது எமது வேண்டுகோள்.

ஆயின், அரசின் ஆணைக்குக் காத்திராது ஊர் செய்யத்தக்கவையும் உள. மரண வீட்டுக்குப் பந்தலும் கதிரையும் பணமும் கொடுக்கும் சங்கம் எமது ஊர்கள் தோறும் உண்டு. இறந்த பின் எட்டு நாள் உதவும் அச்சங்கம், இருக்கும்போதே வாரத்தில் ஒருநாள் உதவலாகாதா? ஒரே வழியிலே செல்லும் நோயாளர் இருவர் மூவரை ஒரே முச்சக்கர வண்டியில் அனுப்ப ஒழுங்கு செய்தால் கூலி பாதியாகவோ மூன்றிலொன்றாகவோ குறையும். மாதர் சங்கத்து உறுப்பினர் நால்வர் முறை வைத்துக்கொண்டால், ஒவ்வொருவருக்கும் மாதத்தில் ஒரு வியாழக்கிழமையே வரும். கமக்கார அமைப்பு அவ்வீட்டு வயலை ஒரு போகத்துக்கு முறைவேலையாக விதைத்துக் கொடுக்கலாம். பாடசாலை ஆசிரியர், வராத பிள்ளையைக் கடிந்து கொள்ளுமுன் காரணத்தை வினவி, தவறிய பாடத்தின் குறிப்பை ஒரு மாணவி மூலம் அனுப்பலாம்.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்துவது பலருக்கு நெடுநாள் விடுதலை அளிக்கும். உறவினர் மனமுவந்து தரலாம்; மூளைச்சாவு அடைந்தோரின் குடும்பத்தார் இசைவோடும் பெறலாம். 1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம் உறுப்பை விலைக்கு விற்பதையும் வாங்குவதையும் தடை செய்கின்றது. இடைத்தரகர் வார்த்தையை நம்பி, எஞ்சிய காணியையும் எவரும் இழக்கலாகாது. முதுமையாலும் வேறு நோய்களாலும் சுத்திகரிப்பைத் தாங்க இயலாதோருக்கு, வேதனையைத் தணித்து வீட்டிலே அமைதியாகப் பேணும் வழியும் உண்டு. அதனைப் பற்றி வைத்தியரிடம் கேட்பது அன்பின்மை ஆகாது.

எல்லாவற்றினும் மேலானது வருமுன் காத்தல். இந்நோய் நெடுங்காலம் வலியின்றி மறைந்து வளர்வது. சிறுநீரிற் புரதம் உண்டா என்று பார்க்கும் பரிசோதனையும், இரத்தத்திலே கிரியாற்றினின் அளவைப் பார்க்கும் பரிசோதனையும் எளியவை. வீட்டில் ஒருவருக்கு நோய் காணப்பட்டால், அதே கிணற்று நீரைக் குடித்து அதே வயலிலே உழைத்த மற்றையோரும் இவற்றைச் செய்து கொள்ளல் வேண்டும். முதலாவதாக, பேணும் அந்த மனைவியே செய்து கொள்ளல் வேண்டும். உடல் உளைவுக்கென்று கடையிலே வாங்கி விழுங்கும் வலிநீக்கிக் குளிசைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கவல்லவை. வெயிலில் உழைப்போர் இடையிடையே நிழலில் ஆறி, நல்ல நீர் அருந்துதல் வேண்டும்.

நாம் கற்பனையிற் கண்ட அவ்வீட்டுக்கு மீண்டும் ஒருமுறை செல்வோம். வியாழக்கிழமை விடிகாலை நான்கு மணி. கமக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருக்கின்றார். மனைவி அவர் கையிலே விரலை வைத்து அதிர்வைப் பார்க்கின்றாள். படலையைத் திறந்துகொண்டு அயல்வீட்டுப் பெண் ஒருத்தி உள்ளே வருகின்றாள். "அக்கா, நீங்கள் போட்டு வாங்கோ. அம்மம்மாவுக்கு நான் சாப்பாடு குடுக்கிறன். பிள்ளை பள்ளிக்கூடம் போகட்டும்" என்கின்றாள்.

அன்று அச்சிறுமியின் வெள்ளைச் சட்டை கொடியிலே தொங்கவில்லை. அவள் வகுப்பிலே இருக்கின்றாள். அவ்வளவே நாம் வேண்டுவது. அவ்வயல்வீட்டுப் பெண் நம்முள் யார் என்பதை ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்.